ஓர் அறை, ஐந்து வகுப்பு

1980களின் நடுப்பகுதியில், செய்தி சேகரிப்பதற்காகப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். லயன் வரிசையின் கோடியில் தகரக் கூரை வேய்ந்த ஒரே அறை, அதுதான் பாடசாலை. ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியர். முதலாம் வகுப்பின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நான்கு சிறுவர்களைச் சுற்றி இருத்தி, எழுத்துப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"வேறென்ன செய்வது ஐயா, நான் ஒருவன்தானே" என்றார் ஆசிரியர், குற்றம் செய்தவர்போல.

அவலக் காட்சியென்றே அன்று எழுதி அனுப்பினேன். அதில் பாதி பிழையென்பது பிற்பாடுதான் புரிந்தது.

அந்தச் சிறுமி செய்தது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை. (யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே சட்டம்பியார் என்பார்கள். கடல் கடந்ததும் சட்டாம்பிள்ளைக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது போலும்!) 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதியைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியில் நடத்தி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது.

ஊவாத் தோட்டங்களில் அதற்கு அப்படியொரு மதிப்புக் கிட்டவில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் கடமையைத் துரைமார்மீது சுமத்தியது. அவர்கள் அதை மலிவாக நிறைவேற்றினார்கள்: ஓர் அறை, ஓர் ஆசிரியர். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டங்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. காணிச் சீர்திருத்தத்தின் பின், 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு அப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது; அடுத்த தசாப்தத்தில் சுவீடன் உதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன.

வேண்டியிருந்த மாற்றம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வயதினருக்கு ஒரு வகுப்பு, ஒரு கரும்பலகை, ஓர் ஆசிரியர் என்ற நகரத்து அச்சையும் அதோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள மலைப் பாடசாலையில் அந்த அச்சு என்னவாகும்? இரண்டு வகுப்புகளில் பாடம் நடக்கும். மற்ற மூன்றும் கரும்பலகையை வெறித்துக்கொண்டிருக்கும். பிந்திய பயணங்களில் இதைக் கண்ணாரக் கண்டேன். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுத்தால், "உன் இடத்தில் இரு" என்ற அதட்டல்தான் கேட்டது.

இதற்கிடையில் ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள், பல வயதினர் ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் கற்கும் முறையை உருவாக்கின. அதைப் பார்த்துச் சென்னை மாநகராட்சி 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் சென்றது. அங்கே ஆசிரியருக்குப் பயிற்சியும் அட்டைகளும் தந்தார்கள். நான் கண்ட பசறை ஆசிரியரிடம் இருந்தவை ஒரு பிரம்பும் ஒரு வரவுப் பதிவேடும்தான்.

மறு ஆண்டு அதே தோட்டத்துக்குப் போனபோது அந்தச் சிறுமியைக் கேட்டேன். கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்க அனுப்பிவிட்டார்களாம். அவளிடம் படித்த நால்வரும் இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். சிலேட்டை வாங்கிப் பார்த்தேன். நால்வருக்கும் எழுத்துத் திருத்தமாக வந்தது.