நோட்டு போனாலும் கணக்கு நின்றது

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், பிறகு எங்க நாகப்பட்டினம் கடலோரத்துக்கும் வந்தன. மீன் விற்ற காசில் வாரம் 20 ரூபாய் சேமித்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை சுனாமி. மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்க குழுவில் மூன்று பேர்; அதில் என் நாத்தனாரும் ஒருத்தி. நோட்டுகள் எல்லாம் கடலோடு போயின.

முகாமில் கூடிய முதல் கூட்டத்தில் அழுதது மட்டும்தான். அடுத்த கூட்டத்தில் அவரவர் கடனை நினைவிலிருந்து சொன்னோம். யாரும் குறைச்சுச் சொல்லல. இறந்தவர்களின் சேமிப்பு அவர்கள் பிள்ளைகளுக்கு என்று தீர்மானம் எழுதினோம். மீன் வாங்கவே சனங்க பயந்த நேரம் அது. தவணையைத் தள்ளி வைத்தோம். பிறகு ஒவ்வொருத்தியாகக் கூடை தூக்கினோம்.

சகோதரிகளே, தவணை தவறினாலும், வீட்டில் இழவு விழுந்தாலும் கூட்டத்துக்கு வராம இருந்துடாதீங்க. வந்து உட்காருங்க.