கினபாலு மலையின் இரு குடுவைச் செடிகள்

இலையின் நுனி நீண்டு, பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவையாக மாறும் நெப்பந்திஸ் பேரினத்தில், போர்னியோவின் கினபாலு மலைப்பகுதிக்குரிய வில்லோசா, எட்வர்ட்சியானா என்னும் இரு சிற்றினங்களைப் பிரித்தறிவது நெடுங்காலம் தாவரவியலாருக்கு அரிய பணியாக இருந்தது. முன்னதை 1852இலும் பின்னதை 1859இலும் விவரித்த ஜோசப் டால்டன் ஹூக்கரே, இரண்டின் வாய் விளிம்பிலும் பற்களைப் போல உயர்ந்து நிற்கும் தகட்டு வரிகளைக் கண்டு, வில்லோசா மற்றதன் இளம்பருவமாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றார். உலர்த்தித் தாளில் ஒட்டிய மாதிரிகளை மட்டும் கொண்டு ஆராய்ந்தால் செடியின் வாழிடமும் வளரும் போக்கும் எளிதில் புலப்படாததால் அந்த ஐயம் நீடித்தது. 1928இல் டச்சு அறிஞர் டான்சர் இரண்டையும் ஒரே சிற்றினமாக இணைத்தார்.

பிற்காலக் கள ஆய்வுகளே வேறுபாட்டைத் தெளிவாக்கின. எட்வர்ட்சியானா ஏறத்தாழ 1,500 முதல் 2,700 மீட்டர் உயரம் வரையுள்ள பாசி படர்ந்த காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி, நீண்ட உருளை வடிவக் குடுவைகளைத் தாங்குகிறது. வில்லோசாவோ 3,200 மீட்டர் உயரம் வரை, பெரும்பாலும் தரையிலேயே வளர்ந்து, அடர்ந்த மயிர் போர்த்த, குட்டையும் பருமனுமான குடுவைகளைக் கொண்டுள்ளது. இரண்டும் சேர்ந்து வளரும் இடங்களில் இடைப்பட்ட வடிவுடைய கலப்பினமும் தோன்றுவதால், ஒற்றைக் குடுவையை வைத்து முடிவு கூறாமல், முழுச் செடியையும் அது வாழும் சூழலையும் சேர்த்து நோக்குவதே நம்பத்தகுந்த வழியாகும்.