பஞ்சாலை நகரமும் ஷெல்லியின் பாட்டும்

இராசபாளையத்தில் காலைத் திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலைக்குச் செல்வோர் உண்டு. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய நாள்முதல் இவ்வூரின் பொழுது பஞ்சோடு புலர்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் காயங்களுக்குக் கட்டும் துணி நெய்யப்படுகிறது. இம்மக்களிடையே இருந்து படிக்கையில், மற்றொரு பஞ்சாலை நகரின் காயத்தைப் பாடிய ஆங்கிலக் கவிதை ஒன்று அயலாரின் கதையாகத் தோன்றுவதில்லை.

1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரில், புனித பேதுருவின் பெயர் தாங்கிய திடலில், ஏறத்தாழ 60,000 பேர் வாக்குரிமை கேட்டு அமைதியாகக் கூடினர். நெசவாளர், நூற்பாளர், பிள்ளைகளோடு வந்த தாய்மார். அப்பெருநகருக்கு அன்று நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. குதிரைப்படை வாளேந்திக் கூட்டத்துள் புகுந்தது. 15 பேருக்குக் குறையாமல் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். இத்தாலியிலிருந்த ஷெல்லி செய்தி கேட்டு எழுதியதே 'அராஜகத்தின் முகமூடி'. அச்சிட அஞ்சினர். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1832-இல்தான் அது வெளிவந்தது.

அக்கவிதையில் கொலையும் வஞ்சகமும் அமைச்சர்களின் உருவில் பவனி வருகின்றன. வெளிவேடமோ விவிலியத்தையே போர்த்துக்கொண்டு வருகிறது. இவ்விடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நாத்திக நூலொன்றின் காரணமாக 1811-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து விலக்கப்பட்டவரின் வசை என்று ஒதுக்க முடியவில்லை. அன்று மான்செஸ்டரின் நடுவர்களாக இருந்தோருள் வில்லியம் ஹே, சார்லஸ் எத்தல்ஸ்டன் ஆகிய இருவரும் குருக்கள். அடுத்த ஆண்டே ஹேக்கு வருமானம் மிகுந்த ரோச்டேல் பங்கு கிடைத்தது. அவர்கள் ஆங்கிலிக்கர், நம்மவர் அல்லர் என்று ஆறுதல் கொள்ளலாமா? திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதியது 1891-இல். ஷெல்லி பாடி 72 ஆண்டுகள் கழித்து. நானும்தான் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படும் நாள்களில், பிடித்துவைத்த கூலியைப் பற்றிய வரிகளை விரைந்து கடந்து, பின்வரும் பொறுமையைப் பற்றியே பல ஆண்டுகள் மறையுரை ஆற்றினேன்.

ஷெல்லி விடுதலையை வானத்தில் தேடவில்லை. உழைத்துத் திரும்புபவனுக்கு வீட்டில் உணவு இருப்பதே அவர் கண்ட விடுதலை. பழிவாங்கவும் அவர் சொல்லவில்லை. கைகட்டி, அசையாமல் நின்று வாளை எதிர்கொள்ளச் சொன்னார். திருப்பாடுகளைத் தியானிக்கும் நமக்கு இது புதியதன்று. எட்டயபுரத்து பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் பூண்டார். அவருடைய தந்தையார் தொடங்கிய பஞ்சாலை நொடித்துப்போன வீட்டிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதையும் நினைக்கவேண்டும்.

ஹே 1839-இல் காலமானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1844 டிசம்பரில், அதே ரோச்டேலில் நெசவாளர் உள்ளிட்ட 28 எளியோர் காசு சேர்த்து ஒரு கடை திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கம் அக்கடையை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்தது. திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போது, பொட்டலத்தின்மேல் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைக் காண்கையில், எனக்கு அந்தக் கடை நினைவுக்கு வரும்.