ஏழையின் படியேறிய பேராசிரியர்: முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாம்

உலகில் சுமார் 150 நாடுகளில் இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பிரடெரிக் ஓசானாம். ஆனால் தம்மை 'நிறுவனர்' என்று அழைப்பதை அவர் விரும்பியதில்லை. சபையின் முதல் தலைவர் எம்மானுவேல் பாயி என்பவரே. ஓசானாம் கடைசிவரை அதன் தலைமைப் பதவியை வகிக்கவே இல்லை.

இவர் 1813 ஏப்ரல் 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர். லியோன் நகரில் வளர்ந்த ஓசானாம், சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். அடுத்த ஆண்டே, 1832-இல், அந்நகரைக் காலரா சூறையாடியது. ஏறக்குறைய 18,000 பேர் மடிந்தனர்.

மாணவர்களின் விவாத மன்றம் ஒன்றில் அவர் திருச்சபைக்காக வாதாடுவது வழக்கம். ஒருநாள் எதிரணி இளைஞர் ஒருவர், திருச்சபை அன்று செய்த நன்மைகள் இருக்கட்டும், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல வாயில்லை. அன்றே ஓசானாமும் நண்பர் ஒருவரும் தங்களிடம் மீதியிருந்த விறகைச் சுமந்துகொண்டு ஓர் ஏழையின் வீட்டுக்குப் போனார்கள்.

1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாம் பிறந்த நாளன்று, சில மாணவர்கள் கூடிச் சபையைத் தொடங்கினர். ஆர்வம் இருந்ததே தவிர அனுபவம் இல்லை. முஃப்தார் பகுதியின் ஏழைகளிடையே பணியாற்றிய அருட்சகோதரி ரோசலி ரெந்துவே எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். (அவருக்கு 2003-இல் முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.) உதவியை ஆள் மூலம் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய், உட்கார்ந்து பேசிவிட்டு வருவது என்ற வழக்கம் அப்படித்தான் நிலைபெற்றது. கொடுப்பதைவிட இதுவே கடினம். கொடுப்பவர் ஏழையின் வீட்டில் விருந்தாளியாகிவிடுகிறார் அல்லவா!

பின்னாளில் அவர் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அமெலி என்பவரை மணந்து, மரி என்ற மகளுக்குத் தந்தையானார். ஒரு புத்தாண்டு நாளில், தமக்குத் தெரிந்த ஏழைக் குடும்பம் திருமணத்தின்போது வாங்கிய அலமாரியை அடகு வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. மீட்டுக் கொடுக்க வேண்டுமென நினைத்தும் தயங்கி இருந்துவிட்டார். மாலையில் மகளைச் சுற்றிக் கிடந்த பொம்மைகளையும் இனிப்புகளையும் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. உடனே போய் அடகை மீட்டுக் கொடுத்த பிறகே நிம்மதியடைந்தார்.

நோயுற்ற அவர் 1853 செப்டம்பர் 8 அன்று, நாற்பதாம் வயதில், மார்செய் நகரில் இறந்தார். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1997 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

இந்தியாவில் இச்சபை 1863 முதல் பணியாற்றி வருகிறது. பங்குகளில் உறுப்பினர்கள் கூடும்போது காணிக்கைப் பை ஒன்று கைமாறிச் செல்லும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.