மயிலைக் கடற்கரையில் பறங்கியர்

கொலம்பஸ் மேற்குச் சமுத்திரத்தைக் கடந்து திரும்பி வந்த மறுவருஷம், அதாவது 1494இல், ஸ்பெயின் தேசத்து டோர்டெசில்லாஸ் என்னும் ஊரில் இரண்டு ராஜ்யங்களின் தூதர்கள் கூடி, கேப் வெர்தே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தூரத்தில் வடக்குத் தெற்காக ஒரு கோடு கிழித்து, அதற்கு மேற்கே புதிதாகக் காணப்படும் நிலமெல்லாம் ஸ்பெயினுக்கும் கிழக்கே காணப்படுவதெல்லாம் போர்ச்சுகலுக்கும் உரியவை என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். அந்தக் கோட்டின்படி மெக்ஸிகோவும் பெரு நாடும் ஸ்பானியரின் பங்கில் விழுந்தன. நம்முடைய திருமயிலையோ, இங்கிருந்த எவரையும் ஒரு வார்த்தை கேளாமலே, போர்த்துகீசியரின் பங்கில் விழுந்தது. அமெரிக்காவில் புகுந்த ஸ்பானிய வீரர்களின் சரித்திரத்தைப் படிப்பவர்கள், அதே கோட்டின் மறுபுறத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தாலொழிய அந்தச் சரித்திரம் பாதிதான் விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

மேற்கே நடந்தது உலகம் அறிந்த கதை. 1519இல் சுமார் ஐந்நூறு போர்வீரரோடும் பதினாறு குதிரைகளோடும் மெக்ஸிகோக் கரையில் இறங்கிய எர்னான் கோர்டெஸ், இரண்டே வருஷங்களில் ஆஸ்டெக் சக்கரவர்த்திகளின் ராஜதானியாகிய டெனோச்டிட்லானை மண்ணோடு மண்ணாக்கினான். 1532இல் பிஸாரோ என்பவன் 168 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, காஹமார்க்கா என்னும் ஊரில் இன்கா அரசன் அதஹுவால்பாவைச் சிறைப்பிடித்து, ஓர் அறை நிறையப் பொன்னை மீட்புத்தொகையாகப் பெற்றுக்கொண்ட பின்னும் அவனைக் கொன்றான்.

இனி, இதே வருஷங்களில் மயிலையில் நடந்ததைப் பார்ப்போம். 1517இல் பழவேற்காட்டுப் பக்கமாக வந்த போர்த்துகீசியர் சிலரை, குவாஜா இஸ்கந்தர் என்னும் ஆர்மீனிய வர்த்தகர் அழைத்துச் சென்று, புனித தோமையாரின் சமாதி என்று கிறிஸ்தவர்கள் போற்றிவந்த சிதைந்த ஆலயத்தைக் காட்டினார். சில வருஷங்களுக்குப் பிறகு, 1523 வாக்கில், அவர்கள் அவ்விடத்தைத் தோண்டி ஆலயத்தைப் புதுப்பித்து, அதைச் சூழக் குடியேறத் தொடங்கினர். படையெடுத்து வந்து பிடித்த ஊரல்ல அது. விஜயநகர சாம்ராஜ்யத்தின் நிழலில், அதன் அதிகாரிகளுக்கு இணங்கி நடந்து, வியாபாரத்தால் ஜீவித்த ஊர். அப்போது கிருஷ்ணதேவராயர் மகா கீர்த்தியோடு அரசாண்டுகொண்டிருந்தார். டெனோச்டிட்லானிலிருந்து கோர்டெஸ் உயிர் தப்பி ஓடிய அதே 1520இல், ராயரின் சேனை ராய்ச்சூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, கிறிஸ்டோவாவ் டி ஃபிகெய்ரேடோ என்னும் போர்த்துகீசியன் தன் துப்பாக்கிக்காரர்களுடன் வந்து அவருக்கு ஊழியம் செய்தான். அங்கே ஒரு சக்கரவர்த்தியைச் சிறைவைத்த அதே ஐபீரியத் தீபகற்பத்து மனிதர்கள், இங்கே ஒரு சக்கரவர்த்தியின் சன்மானத்தை எதிர்நோக்கி நின்றார்கள்.

இந்த வேற்றுமைக்குக் காரணம் பறங்கியரின் குணத்தில் இல்லை. மெக்ஸிகோ மக்கள் அதுவரை கண்டிராத குதிரையை விஜயநகரத்தார் ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிவந்தனர். கோவாவைப் பிடித்த போர்த்துகீசியருக்கு அந்தக் குதிரை வியாபாரமே பெரும் லாபமாக இருந்தது. இரும்பும் வெடிமருந்தும் இங்கே புதியவை அல்ல. எல்லாவற்றிலும் பெரிய காரணம் பெரியம்மை. அந்நோயை அறியாத அமெரிக்க ஜனங்கள் அது கப்பலேறி வந்த மாத்திரத்தில் லட்சக்கணக்கில் மாண்டனர்; ஆஸ்டெக் சக்கரவர்த்தி மோக்டெசூமாவுக்குப் பின் பட்டமேறிய கூயிட்லாவாக் என்னும் அரசனே 1520இல் அதற்குப் பலியானான். நம் நாட்டிலோ அது தலைமுறை தலைமுறையாக வேம்பும் மஞ்சளும் வைத்து மாரியம்மன் சந்நிதியில் முறையிட்டுப் பழகிய வியாதி. கொடியதேயெனினும், ஒரே வீச்சில் ஒரு ராஜ்யத்தைக் காலி செய்யும் வலிமை அதற்கு இங்கே இல்லை.

இடம் கிடைத்தபோது பறங்கியர் இங்கேயும் என்ன செய்யத் துணிந்தனர் என்பதற்கு மார்ட்டிம் அஃபோன்ஸோ டி ஸோஸா ஒருவனே போதிய சாட்சி. இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட கப்ரால் என்பவனின் கப்பல்கள் 1500இல் தற்செயலாகத் தொட்ட பிரேசில் நாட்டில், பிஸாரோ காஹமார்க்காவுக்குள் நுழைந்த அதே 1532இல், ஸாவ் விஸென்டே என்னும் முதல் குடியேற்றத்தை நிறுவியவன் இவன். பிறகு இவனே 1542இல் கோவாவின் கவர்னராக வந்தான். புனித சவேரியார் இந்தியா வந்ததும் இவனுடைய கப்பலில்தான். மறுவருஷமே இவன் திருப்பதிக் கோயிலின் பொக்கிஷத்தைக் கொள்ளையிடும் உத்தேசத்தோடு கப்பற்படை கொண்டு புறப்பட்டான். திருமலையை அடைய முடியவில்லை. அந்த ஏமாற்றத்துக்குக் கொல்லத்தை அடுத்த கோயிலொன்று பலியாயிற்று. சவேரியாரோ 1545இல் மயிலைக்கு வந்து, சுமார் நான்கு மாதங்கள் தோமையார் சமாதியருகே தங்கிப் பிரார்த்தனை செய்துவிட்டு, இங்கிருந்தே மலாக்காவுக்குக் கப்பலேறினார். கொள்ளையை நாடிய கவர்னரும் தவத்தை நாடிய துறவியும் ஒரே கப்பலில் வந்தவர்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கலங்குவதுண்டு.

மயிலையில் போர்த்துகீசியர் குடியேறிய சாந்தோமின் செல்வம் கொள்ளையால் வந்ததன்று, துணியால் வந்தது. 1560களில் அங்கே வந்த வெனிஸ் நகரத்து வியாபாரி சேஸரே ஃபெடரிச்சி எழுதிவைத்த குறிப்பைப் படித்தால் அந்தக் கரை கண்முன் எழுகிறது. துறைமுகம் என்று ஒன்றில்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, இரும்பாணியே இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைப் படகுகள் அலைமேல் ஏறி இறங்கிச் சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. அந்தப் படகோட்டிகளின் சாமர்த்தியம் அவரை வியப்பில் ஆழ்த்திற்று. பர்மாவிலுள்ள பெகு தேசத்துக்கு அனுப்பிய துணிகளில், சாயவேரில் தோய்த்த செந்நிறத் துணியைத் துவைக்கத் துவைக்க நிறம் குன்றாமல் மேலும் சிவந்ததாம். அந்தச் சிவப்பை உண்டாக்கிய கைகள் சோழமண்டலக் கரையின் சாயக்காரர் கைகள். பறங்கியர் அதைக் கப்பலேற்றி விற்றவர்கள் மாத்திரமே.

சென்னை அசோக் நகரில் வசிப்பவர்களுக்கு இந்தச் சரித்திரம் வெகு அருகில் இருக்கிறது. தெற்கே கிண்டியைத் தாண்டினால் பறங்கிமலை. அங்கே 1547இல் ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை வெளிப்பட்டது. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் சின்னமலை. அங்கே 1551இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயம். கிழக்கே லஸ்ஸில், காட்டுக்கோயில் என்று ஜனங்கள் அழைக்கும் பிரகாச மாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516 என்று வருஷம் சொல்கிறது. ஆனால் மயிலையை நேசிப்பவன் இவற்றோடு நின்றுவிட முடியாது. சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடலோரத்து ஸ்தலம். இன்றைய கோயிலோ உள்ளே தள்ளி நிற்கிறது. பழைய கோயில் பறங்கியர் காலத்தில் அழிந்தது என்பது மயிலையில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. சாந்தோம் ஆலய வளாகத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்தரின் சமாதியைப் போற்றி வளர்ந்த ஊரின் அடியில் இன்னொரு பக்தி மரபின் கற்கள் புதைந்து கிடப்பது எனக்குத் தீராத துக்கம்.

பறங்கியருக்கு மேலே இங்கே ஓர் அதிகாரம் எப்போதும் இருந்தது. 1559ஐ ஒட்டி விஜயநகரத்து அளிய ராமராயர் பெரும் படையோடு சாந்தோமுக்கு வந்தபோது, ஊரார் எதிர்த்துப் போரிடவில்லை; தண்டத்தொகைக்கு உடன்பட்டு, முக்கியஸ்தர் சிலரைப் பிணையாகக் கொடுத்தனுப்பினர். 1606இல் மயிலை ஒரு மேற்றிராணியாரின் ஸ்தானமாயிற்று. ஆனால் அதற்குள் காற்று மாறிவிட்டது. 1610இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் அமர்ந்தனர். 1639இல் மூன்று மைல் வடக்கே ஆங்கிலேயர் மதராஸப்பட்டினத்தில் இடம் பெற்றதும், சாந்தோமின் வர்த்தகர் பலர் அங்கே குடிபெயர்ந்தனர். 1662இல் கோல்கொண்டா சேனை ஊரைப் பிடித்தது. பத்து வருஷத்துக்குப்பின் பிரெஞ்சுக்காரர் பறித்து, 1674இல் இழந்தனர். அதன்பின் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. 1749இல் ஆங்கிலேயர் அதைத் தம் வசமாக்கினர்.

கொடி போயிற்று, உரிமை போகவில்லை. கடலில் கோடு கிழித்த காலத்திலேயே போப்பாண்டவர்களிடம் பெற்ற ஞானாதிக்க உரிமையின்படி, மயிலைக்கு மேற்றிராணியாரைப் பிரேரணை செய்யும் அதிகாரத்தைப் போர்ச்சுகல் அரசு 1950 வரையில், பாரதம் சுதந்திரம் பெற்று மூன்று வருஷம் ஆகும்வரையில், வைத்துக்கொண்டிருந்தது. 1952இல்தான் சென்னையும் மயிலையும் ஒரே பேராயமாக இணைக்கப்பட்டன.