ஷெல்லிதாசன்: பாரதியோட பழைய யூசர்நேம்

இன்னைக்கு எபிசோட் ஒரு யூசர்நேம் பத்தி. ஷெல்லிதாசன்.

சும்மா கேட்டா, இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் ஆசையா வச்சுக்கிட்ட பேரு மாதிரி இருக்கும். ஆனா அது நம்ம பாரதியார். 'பாரதி'ங்கிறது சின்ன வயசுல எட்டயபுரத்துல அவருக்குக் கிடைச்ச பட்டம். ஷெல்லிதாசன், அவரே தேடி எடுத்துக்கிட்ட புனைபெயர்.

1894-லிருந்து 1897 வரைக்கும் பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில படிச்சார். டவுன்ல அந்தப் பள்ளி இன்னைக்கும் இருக்கு. ஆனா அந்த இங்கிலீஷ் படிப்பு மேல அவருக்கு ஆறாத கோபம். அப்பா காசைக் கொட்டிப் படிக்க அனுப்பினதையே பின்னாடி எழுதின சுயசரிதைக் கவிதையில திட்டித் தீர்த்திருக்கார். கம்பனையும் காளிதாசனையும் பத்தி ஒண்ணும் தெரியாமலே பிள்ளைகளை வெளியே அனுப்புற படிப்பு அதுங்கிறதுதான் அவரோட குறை.

அப்படிப்பட்டவர் ஏன் இங்கிலீஷ் கவிஞனுக்கு தாசன் ஆனார்?

1898-ல அப்பா இறந்ததும் பாரதி காசிக்குப் போனார். சில வருஷம் கழிச்சு ஊர் திரும்பி, எட்டயபுரம் ஜமீன்லயே வேலைக்குச் சேர்ந்தார். எட்டயபுரம் அப்போ திருநெல்வேலி ஜில்லா. அந்தக் காலத்துலதான் ஷெல்லி பைத்தியம் பிடிக்குது. நண்பர்களைச் சேர்த்து ஷெல்லி பேருல ஒரு சங்கமே நடத்தினதா வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது.

ஷெல்லி யாரு? 1792-ல பிறந்தவர். நாத்திகம் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டதுக்காக 1811-ல ஆக்ஸ்ஃபோர்டை விட்டுத் துரத்தப்பட்டவர். ராஜாக்களைக் கண்டாலே ஆகாது. 1822-ல, 30 வயசு ஆகுறதுக்கு முன்னாடியே கடல்ல மூழ்கிப் போயிட்டார்.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. சம்பளம் வாங்குறது ஜமீன்தார்கிட்ட. தாசன்னு சொல்லிக்கிட்டதோ ராஜாக்களை எதிர்த்துப் பாடுனவனுக்கு. விளையாட்டுப் பேருதான், ஆனா உள்ளே ஒரு குசும்பு இருக்குல்லா? 'நான் யாரோட ஆளு'ன்னு அவர் தனக்குத்தானே சொல்லிக்கிட்ட மாதிரி எனக்குத் தோணுது. 1904-ல ஜமீனை விட்டுட்டு மதுரைக்குப் போயிட்டார். சில மாசம் தமிழ் வாத்தியார், அப்புறம் சென்னையில சுதேசமித்திரன்.

தாசன் விளையாட்டு அதோட நிக்கலை. பின்னாடி காளிதாசன்னும் எழுதினார். காளியோட பக்தன்னும் படிக்கலாம், சமஸ்கிருத மகாகவியோட பேருன்னும் படிக்கலாம். ஒரே பேருல ரெண்டு கும்பிடு! பள்ளிக்கூடம் சொல்லித்தராத காளிதாசன், இப்படிக் கையெழுத்தா வந்து சேர்ந்துட்டார்.

அடுத்து புதுச்சேரி. பாரதியைச் சந்திச்ச கனகசுப்புரத்தினம், பாரதிதாசன் ஆனார். அவர் மேல இருந்த பற்றுல ராஜகோபாலன்னு ஒருத்தர் சுப்புரத்தினதாசன்னு பேரு வச்சு, அதையும் சுருக்கி சுரதா ஆக்கிட்டார். எங்க பாஷையில சொன்னா, கோடை மினிஃபை பண்ண மாதிரி.

ஆக ஷெல்லி, பாரதி, பாரதிதாசன், சுரதான்னு ஒரு சங்கிலி. ஆனா இதுல யாரும் யாரையும் காப்பி அடிக்கலை. ஷெல்லி நாத்திகர், பாரதி சக்தி உபாசகர், பாரதிதாசன் பகுத்தறிவுப் பக்கம். நாங்க ஒரு புராஜெக்டை ஃபோர்க் பண்றப்போ மூலத்தோட பேரு ஓரத்துல நிக்கும், கோடு வேற வழியில போகும். அதே கதைதான்.

எனக்கு இதுல பிடிச்சது ஒண்ணு. திணிச்ச படிப்பைத் திட்டின அதே மனுஷன், அந்த மொழியிலிருந்த நல்ல கவிஞனைத் திட்டலை. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு, திரும்பி வந்து தமிழ்ல எழுதினார். அடுத்த தடவை டவுன்ல அந்தப் பள்ளியைத் தாண்டும்போது ஷெல்லியையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டா?