முகத்துக்காக வழக்காடும் உரிமை யாருக்கு?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அரசு தொடுத்த வழக்கை முடித்துக்கொள்வதற்காக, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 140 கோடி டாலர்களை ஐந்து ஆண்டுகளில் செலுத்த 2024 ஜூலையில் இணங்கியது. தவறிழைத்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

பயனர்கள் தரவேற்றிய புகைப்படங்களிலிருந்து, உரிய ஒப்புதலின்றி முக அமைப்புகள் பதிவு செய்யப்பட்டன என்பதே 2022 பிப்ரவரியில் தொடரப்பட்ட அவ்வழக்கின் சாராம்சம். படத்தில் இருப்பவர் இன்னார் என அடையாளம் காணும் அந்த வசதியைக் கைவிடுவதாக ஃபேஸ்புக் 2021 நவம்பரிலேயே அறிவித்திருந்தது.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற இயலாது. முக அமைப்பு, விரல்ரேகை போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் தேவை என்போரின் முக்கிய வாதம் இது.

டெக்சாஸ் சட்டம் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர்கள் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் வழக்குத் தொடரும் அதிகாரம் மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு மட்டுமே உண்டு. பணமும் அரசுக்கே சேர்கிறது.

இலினாய் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் செல்ல வழிசெய்கிறது. அங்கு பயனர்கள் தொடுத்த வழக்கில், ஃபேஸ்புக் 65 கோடி டாலர்கள் வழங்கும் உடன்பாட்டை நீதிமன்றம் 2021இல் ஏற்றது.

டெக்சாஸ் ஈட்டிய தொகை இதனினும் பெரிது. ஆயினும், அங்கு ஒருவரின் முகம் பாதுகாக்கப்படுவது, ஆட்சியிலிருப்பவர் வழக்காட முன்வருகிறாரா என்பதைப் பொறுத்தே அமைகிறது.